மஞ்சள் தோலை மட்டும் நம்பாதீர்கள்

சித்திரை வெயிலில் எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கம் மோரிஸ் வாழைக்காய் ஒரு சீப்பு வாங்கிப் பழுக்கட்டும் என்று தொங்கவிட்டுப் பாருங்கள். சில நாளில் உள்ளே குழைந்துவிடும், தோல் மட்டும் பச்சையாகவே இருக்கும். அது கெட்ட பழம் இல்லை, தூக்கி எறிந்துவிடாதீர்கள். இந்த இனத்தில், வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் தோலின் பச்சையம் சரியாகச் சிதைவதில்லை. சதையோ தன் பாட்டுக்குக் கனிந்துகொண்டே போகும்.

அந்தச் சதைக்குள் என்ன நடக்கிறது? பச்சைக் காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. காய் தானே வெளிவிடும் எத்திலீன் வாயு நொதிகளைத் தட்டி எழுப்ப, அந்த மாவு சர்க்கரையாகிறது. நன்றாகக் கனிந்த பழத்தில் மாவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். நேந்திரனில் கனிந்த பிறகும் மாவு கூடுதலாகத் தங்குவதால்தான் அதை அவித்துச் சாப்பிட அவ்வளவு நன்றாக இருக்கிறது.

துவர்ப்பின் கதை வேறு. காயில் இருக்கும் டானின் எச்சிலின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். நாக்கு இழுப்பது அதனால்தான். கனியக் கனிய டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துப் பெருத்துவிடும். அப்புறம் எச்சிலில் கரையாது, துவர்க்காது. நறுக்கிய காய் கறுப்பதற்கு முக்கியக் காரணம் அதிலுள்ள டோபமின். காற்றுப் பட்டதும் ஒரு நொதி அதைக் கருக்கிவிடுகிறது. நம் வீட்டுப் பெண்கள் வாழைக்காயை மோர்த் தண்ணீரில் நறுக்கிப் போடுகிறார்களே, மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்கத்தான்.

மூட்டம் போட்டுப் பழுக்க வைத்த காலத்திலும் வேலை செய்தது புகையில் இருந்த எத்திலீன்தான். இன்றைய குளிர் அறைகளிலும் அதே வாயு. பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கார்பைட் கல்லுக்கு. 2011 விதிமுறைகளிலேயே அதற்குத் தடை உண்டு. ஈரம் பட்டால் அது அசிட்டிலீனை விடும். கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சும் வரலாம். முற்றாத காயைக்கூட அது மேலுக்கு மஞ்சளாக்கிவிடும். சதையில் மாவும் துவர்ப்பும் அப்படியே கிடக்கும்.

காம்பு பச்சையாக இருந்தால் கல்லு வைத்த பழம் என்று பலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். எத்திலீன் அறையில் முறையாகப் பழுத்ததற்கும் முதல் சில நாள் காம்பும் நுனியும் பச்சையாகத்தான் இருக்கும். மூக்கையும் நாக்கையும் நம்புங்கள். தோல் முழுக்க மஞ்சள், வாசனையே இல்லை, கடித்தால் துவர்க்கிறது என்றால் அந்தச் சீப்பைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, எங்கே பழுக்க வைத்தது என்று கேளுங்கள்.