ரயில்வே அணியை விட்டுப் போகாத பி.கே.

(அரியலூரில் வாலிபர்களின் கால்பந்துப் பரிசளிப்புக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்டு முடித்தவர்களும், பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர்களும் இன்று இந்த மைதானத்தில் ஆடினீர்கள். உங்களுக்கு ஓர் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் பிரதீப் குமார் பானர்ஜி. பி.கே. என்றால் வங்காளத்தில் எல்லோருக்கும் தெரியும். 1936-ல் பிறந்தவர். கல்கத்தாவில் ஏரியன் கழகத்தில் ஒரு பருவம் ஆடிவிட்டு, 1955-ல் கிழக்கு ரயில்வே அணியில் சேர்ந்தார். 1967-ல் ஓய்வு பெறும்வரை அந்த அணியை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும்தான் பெரிய கழகங்கள். கூட்டமும் அங்கே, புகழும் அங்கே. ஆனால் 1958-ல் ரயில்வே ஊழியர் அணி மூன்றையும் முந்தி கல்கத்தா லீக் பட்டத்தைப் பிடித்தது! அம்மூன்றுக்கும் வெளியிலிருந்து இன்னோர் அணி அதைப் பிடிக்க 61 ஆண்டுகள், 2019 வரை ஆயிற்று.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பி.கே.தான் இந்தியாவின் தலைவர். பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தார்; ஆட்டம் சமனில் முடிந்தது. 1962-ல் ஜகார்த்தாவில் அரங்கமே எதிராகக் கூச்சலிட, தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றோம். முதல் கோல் பி.கே.யுடையது. அன்றைய தலைவர் சுனி கோஸ்வாமி. அவரும் 1954 முதல் 1968 வரை மோகன் பகான் ஒன்றுக்கே ஆடியவர். இருவரும் 2020-ல், மார்ச் 20-லும் ஏப்ரல் 30-லும் மறைந்தார்கள்.

தோழர்களே, விசுவாசம் வானத்திலிருந்து விழுவதில்லை. ரயில்வே பி.கே.க்குச் சட்டை மட்டும் தரவில்லை; உத்தியோகமும் தந்தது. ஆட்டம் நின்றாலும் அடுப்பு எரியும் என்ற உறுதி இருந்தால்தான் மனிதன் ஓரிடத்தில் வேர் பிடிப்பான்.

இன்று காண்டிராக்ட் தொழிலாளியிடம் விசுவாசம் கேட்கிறார்கள். காண்டிராக்டர் மாறினால் அவன் மறுபடியும் புது ஆள்! பத்து வருஷ உழைப்பு கணக்கில் இல்லை. அவன் யாருக்கு விசுவாசமாக இருப்பது? நல்ல கூலி தேடிப் போகிறவனை நாம் துரோகி என்று சொல்லமாட்டோம். நிரந்தர வேலை கொடுக்காதவனுக்கு விசுவாசம் கேட்க யோக்கியதை இல்லை என்று சொல்வோம்.

நம் விசுவாசம் பக்கத்தில் நின்று பந்தைத் தட்டிக் கொடுக்கும் தோழனுக்கு, நம் சங்கத்துக்கு. நிரந்தர வேலை, நியாயமான கூலி, ஊருக்கொரு மைதானம் - இந்த மூன்றுக்கும் ஒரே அணியாக நிற்போம்!