மாத்திரையா, கீமோவா? சோதனை சொல்லட்டும்

(நமது கிளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவருக்கு எப்படி டாக்டர் நுரையீரல் கேன்ஸர்?" நம் அகங்களிலிருந்து வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். புகை பிடிக்காதவர்களுக்கும் வரும், பெண்களுக்கும் வரும். பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்றே வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை ஃபோன் செய்து, "நாளைக்கே கீமோவை ஆரம்பித்துவிடுங்கள்" என்பார். அவர் பதற்றம் நியாயமானது. ஆனால் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட நோய்க்கு, இந்த அவசரமே சில சமயம் பாதகமாகிவிடுகிறது.

நுரையீரல் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. சிலருக்குக் கட்டியிலுள்ள ஒரு மரபணுவின் மாற்றமே அதை ஓயாமல் வளரச் செய்கிறது. இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்பவை அவற்றில் முக்கியமானவை. நம் நாட்டில் அடினோகார்ஸினோமா என்ற வகை வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது. இது பெரும்பாலும் கட்டியில் மட்டும் ஏற்படுவது. குழந்தைகளுக்கு வருமோ என்று அஞ்ச வேண்டாம்.

"புகை பிடிக்காதவர்தானே, மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாமே" என்பீர்கள். 2009-ல் வெளியான ஐபாஸ் ஆய்வு இதற்குப் பதில் சொல்லியது. கிழக்கு ஆசியாவில் புகை பிடிக்காத, அல்லது முன்பு கொஞ்சமே பிடித்து விட்டுவிட்ட 1,217 பேரில் ஒரு பாதிக்கு ஜெஃபிடினிப் மாத்திரை, மறு பாதிக்குக் கீமோ. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தவர்களில் மாத்திரையால் 100-க்கு 71 பேருக்குக் கட்டி சுருங்கியது. கீமோவால் 47 பேருக்கு. மாற்றம் இல்லாதவர்களிலோ, மாத்திரையால் 100-க்கு ஒருவருக்குத்தான் சுருங்கியது. கீமோவால் 23 பேருக்கு. ஊகம் உதவாது, சோதனைதான் வழிகாட்டும்.

ஏ.எல்.கே. மாற்றம் உள்ளவர்களுக்கு இன்னும் நல்ல செய்தி. 2024-ல் வெளியான ஐந்தாண்டு முடிவுகளின்படி, லோர்லாடினிப் மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 சதவிகிதம் பேருக்கு ஐந்து வருஷம் கழித்தும் நோய் முற்றவில்லை. பழைய மாத்திரையான கிரிஸோடினிப்பில் அது 8 சதவிகிதம்தான்.

நோய் பூரணமாகக் குணமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் மாத்திரை பலன் தராமல் போகலாம்; அப்போது மறுபடி சோதிக்க வேண்டும். ஆனால் நடுவில் கிடைக்கும் காலம், நடமாடிக்கொண்டு, பேரன் பேத்திகளோடு இருக்கும் காலம்.

ஆகவே, டாக்டரிடம் "பயோமார்க்கர் சோதனை செய்தாயிற்றா?" என்று கேளுங்கள். பயாப்ஸி திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் 'பிளாக்'கைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். திசு போதாவிட்டால் ரத்தத்திலும் சோதிக்கலாம். ஆனால் ரத்தத்தில் தெரியவில்லை என்றால் மாற்றமே இல்லை என்று அர்த்தமல்ல.

முடிவு வர இரண்டு வாரம்கூட ஆகலாம். மூச்சுத் திணறல் போன்ற அவசரம் இருந்தால் கீமோவை மட்டும் ஆரம்பிக்கலாம். இம்யூனோதெரபி மட்டும் ரிப்போர்ட் வரும்வரை பொறுக்கட்டும். அதைக் கொடுத்தபின் சில மாத்திரைகளைத் தொடங்கினால் நுரையீரலில் கடுமையான அழற்சி வரலாம்.

டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். இந்த ஒரு கேள்வி, ஒருவரின் ஆயுளில் சில வருஷங்களைச் சேர்க்கக்கூடும்.