உப்புத் தண்ணியிலும் காய்த்த சப்போட்டா
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படித்தவள். மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்குங்க.

நம்ம மீஞ்சூர் தண்ணி கதை உங்களுக்கே தெரியும். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் போர் போட்டு சென்னைக்கும் கம்பெனிக்கும் வயலுக்கும் தண்ணி எடுத்தாங்க. நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடல் தண்ணி உள்ளே வந்துடுச்சு.

அதை யோசிக்காமல், குழுவில் 2,000 ரூபாய் உள்கடன் வாங்கி எலுமிச்சையும் மாவும் வைத்தேன். போர் தண்ணியே ஊற்றினேன். இலை ஓரம் கருகி, ஒரே கோடையில் எல்லாம் போச்சு. செத்த செடிக்குப் பத்து மாதம் தவணை கட்டினேன். வீட்டுக்காரர், "இனிமே மரம் பேச்சே வேணாம்" என்றார்.

சப்போட்டா ஓரளவு உப்பைத் தாங்கும் என்று பிறகுதான் தெரிந்தது. சிறுவாட்டுக் காசில் இரண்டு ஒட்டுக்கன்று வாங்கி, 25 அடி இடைவெளி விட்டு வைத்தேன். ஒன்று மளமளவென்று வளர்ந்தது. எனக்கு ஒரே பெருமை. நாலு வருஷம் ஆகியும் பூ இல்லை. மாமியார் இலையைக் கிள்ளிப் பார்த்து, "இது பாலைடி, சப்போட்டா இல்ல" என்றார். சப்போட்டாவை பாலைச் செடி மேல்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒட்டுக்குக் கீழே வந்த துளிரை நான் கிள்ளவில்லை. அது வளர்ந்து மேலே இருந்த சப்போட்டாவைச் சாகடித்துவிட்டது.

இன்னொரு கன்றில், வேலி இடுக்கில் தலையை விட்டு அந்தக் கீழ்த் துளிரை எங்க ஆடு தின்றுவிட்டது. அந்த மரம்தான் இன்று காய்க்கிறது! ஆடு செய்த வேலையை நான் செய்திருந்தால் இரண்டும் காய்த்திருக்கும்.

வைக்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கணும். கீழே வரும் துளிரை வாராவாரம் கிள்ளுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணியைப் பாத்திக்குத் திருப்பினால் உப்பு கீழே இறங்கும். கோடையில் அரிசி கழுவிய தண்ணி ஊற்றி, தேங்காய் மட்டை மூடுங்க. காயை நகத்தால் கீறினால் பச்சை தெரியக் கூடாது, மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம்.

போன வருஷம் முதல் பழத்தை வீட்டுக்காரரிடம்தான் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "இன்னொரு கன்னு வாங்கலாமா?" என்றார். இந்தத் தடவை கடன் வாங்கினாலும் எனக்குப் பயமில்லை.