தரங்கம்பாடியில் கோபுரமில்லாத ஒரு கோயில்
(நமது சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியது)

நம் பாடியிலிருந்து தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போய் வந்தவர்களிடம் கேட்டால் டேனிஷ் கோட்டையையும் கடலையும் சொல்வார்கள். ராஜ வீதியில் இருக்கும் புதிய எருசலேம் ஆலயத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போயிருப்பார்கள். தவறில்லை. வானுயர்ந்த கோபுரம் கிடையாது. வெள்ளையடித்த எளிய கட்டடம்.

வாசலுக்கு மேலே கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். ஒரு கிரீடமும் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை எழுத்தும் இருக்கும். அவர்தான் சீகன்பால்குவை இங்கே அனுப்பியவர். 1706 ஜூலையில் வந்திறங்கிய அந்த ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகினார். 1708இல் அதே அரசரின் கோட்டைத் தளபதி அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். தலைமை அலுவலகம் ஒன்று சொல்லும், கிளை வேறொன்று செய்யும். வங்கியில் இருந்த எனக்கு அது புதிதல்ல.

1707இல் கட்டிய முதல் ஆலயம் சிறியது. இன்றைய ஆலயம் 1718 அக்டோபர் 11இல் பிரதிஷ்டையானது. கூட்டல் குறி போன்ற அமைப்பு. நான்கு கைகளும் ஒன்றுபோல நீளும். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரி 23இல் சீகன்பால்கு 36 வயதில் இறந்து, இங்கேயே பீடத்தருகில் அடக்கமானார். மறு ஆண்டு அவருடைய தோழர் கிரண்ட்லரும்.

என்னை உறுத்தியது வேறு. அதே வீதியில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம் இருக்கிறது. அது டேனியருக்கு, இது தமிழருக்கு. சரி, மொழி வேறு என்று விடலாம். ஆனால் இங்கே தமிழருக்குள்ளும் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். ஒரே கூரை, ஒரே ஜெபம், நடுவில் இடைவெளி. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் ஆங்கிலிக்க சபைகளில் இந்தப் பிரிவினை கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். பலர் லுத்தரன் சபைக்குப் போனார்கள். தரங்கம்பாடியும் லுத்தரன் சபைதான். ஆயரின் உத்தரவு அதைத் தொடவில்லை.

சுனாமிக்குப் பிறகும் ஆலயம் நிற்கிறது, ஆராதனையும் நடக்கிறது. சிதம்பரம், சீர்காழி வழியாகப் போகிறவர்கள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான் போனபோது உள்ளே யாருமில்லை. எந்தப் பக்கம் உட்காரலாம் என்று ஆலயப் பணியாளரிடம் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எங்க வேணா உக்காருங்க சார்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் போட்டார்.