வீடு உடைக்கப்பட்டால்: ஒரு குடும்பத்தின் அனுபவமும் நாம் கற்க வேண்டியவையும்

(சமூக நிலையத்தில் நடைபெற்ற தமிழ் மூத்தோர் ஒன்றுகூடலில், இப்பகுதியில் வசிக்கும் பெண்மணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் பொலிஸ் அதிகாரியோ சட்டம் படித்தவரோ அல்ல. உங்களைப் போல இந்த நகரசபை எல்லைக்குள் நீண்டகாலமாக வாழ்ந்துவரும் ஒரு குடும்பப் பெண். எங்கள் வீடு ஒருமுறை உடைக்கப்பட்டது. மூன்று கிழமைகள் கழித்து மறுபடியும் உடைக்க முயன்றார்கள். அந்த மூன்று கிழமைகளில் நாங்கள் செய்த தவறுகளை உங்களிடம் சொல்லவே இன்று வந்திருக்கிறேன். அவற்றை நீங்கள் செய்யாதிருந்தால் அதுவே எனக்கு ஆறுதல்.

அது நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக் குடும்பமாகச் சென்றோம். பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டபோது வீட்டில் ஒரு விளக்கையும் எரியவிடவில்லை. நான்கரை மணிக்கே இருட்டிவிடும் காலம் அது. அயல் வீடுகளிலெல்லாம் வெளிச்சம் தெரிய, எங்கள் வீடு மட்டும் இருளில் கிடந்தது. வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவில் செல்வோர் அனைவருக்கும் நாங்களே அறிவித்துவிட்டுச் சென்றிருந்தோம்.

இரவு பதினொரு மணிக்குத் திரும்பினோம். முன்கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. சமையலறையின் பின்கதவு திறந்து கிடந்தது. என் கணவர் உடனே உள்ளே ஓடினார். அதுவே எங்கள் முதலாவது தவறு. திருடர் அப்போது மாடியில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணும்போது இன்றும் என் கைகள் நடுங்குகின்றன.

மாமியின் அறையில் மெத்தை புரட்டப்பட்டிருந்தது. சேலைகள் தரையில் சிதறிக் கிடந்தன. அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த சிறிய தகரப்பெட்டியைக் காணவில்லை. மாமனார் கட்டிய தாலிக்கொடி அதற்குள்தான் இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, அதற்கு முன்னரே கணவரை இழந்திருந்த மாமி அந்தத் தாலிக்கொடியைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர். "நகையை வங்கிப் பெட்டகத்தில் வைப்போம்" என்று நாங்கள் சொன்ன போதெல்லாம், "அன்று வங்கியில் இருந்திருந்தால் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்க முடியுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை.

அன்றிரவு மாமி அழவில்லை. "வெளியில் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். ஊரில் பொலிசார் வாசலுக்கு வந்த நாட்களை அவர் மறக்கவில்லை. எங்களுக்கும் வெட்கமாக இருந்தது. விடிவதற்குள் வீட்டைக் கூட்டித் துடைத்தோம். அலுமாரியை ஈரத்துணியால் துடைத்தேன். மூன்றாம் நாள்தான் பொலிசாரை அழைத்தோம். கைரேகை எடுக்க வந்த பெண் அதிகாரி அலுமாரியைப் பார்த்துவிட்டு, "துடைத்துவிட்டீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார். என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

ஆகவே, முதலில் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். வீடு உடைக்கப்பட்டிருப்பதைக் கண்டால் உள்ளே செல்லாதீர்கள். திருடர் உள்ளே இருக்கலாம் என்றோ, இப்போதுதான் ஓடினார்கள் என்றோ தோன்றினால் 999 இலக்கத்தை அழையுங்கள். களவு நடந்து நேரமாகிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் 101 இலக்கத்தை அழைக்கலாம். ஆங்கிலம் தடையாக இருந்தால் "தமிழ்" என்ற சொல்லைச் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இது ஒருவர் உங்களுக்குச் செய்யும் தயவு அன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான உரிமைக் கோவையில் பன்னிரண்டு உரிமைகள் உள்ளன. சொல்லப்படுவதை விளங்கிக்கொள்வதும், தாம் சொல்வது விளங்கிக்கொள்ளப்படுவதும் அவற்றுள் முதலாவது உரிமை.

"பொலிசார் வரவா போகிறார்கள்?" என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. வீடுடைத்துத் திருடும் குற்றம் ஒவ்வொன்றுக்கும் நேரில் வருவதாக இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ள எல்லாப் பொலிஸ் பிரிவுகளும் 2022 ஒக்டோபரில் உறுதியளித்துள்ளன. அவர்கள் வரும்வரை எதையும் தொடாதீர்கள், கூட்டாதீர்கள், கழுவாதீர்கள். அவர்கள் தரும் குற்றப் பதிவு இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனம், வங்கி, கடவுச்சீட்டு அலுவலகம் ஆகியவற்றில் அந்த இலக்கத்தைக் கேட்பார்கள். வங்கி அட்டைகளை உடனே நிறுத்துங்கள். வீட்டுத் திறப்போ காரின் திறப்போ காணாமற் போயிருந்தால் பூட்டுகளை மாற்றுங்கள். நகரசபை வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்கள், உடைந்த கதவைப் பற்றி அன்றே வீட்டு உரிமையாளருக்கு அறிவியுங்கள்.

இனி, சொல்வதற்கு எனக்கு மிகவும் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் மாடி அறையில் ஒரு தம்பி வாடகைக்கு இருந்தார். படிக்க வந்த பிள்ளை. இரவில் எரிபொருள் நிலையத்தில் வேலை. மாமி அவருக்கென்று தனியாகச் சோறு எடுத்து வைப்பார். களவு நடந்த மறுநாளே உறவினர்கள் தொலைபேசியில், "நகை இருக்கும் இடம் வெளியாளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குள் இருப்பவனைக் கேளுங்கள்" என்றார்கள். நான் கேட்டேன். குற்றம் சாட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அன்றிரவு எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார், திறப்பை யாருக்காவது கொடுத்தாரா என்று கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அந்தக் கிழமை முடிவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போனதையே குற்றத்துக்குச் சாட்சியாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மூன்று கிழமைகளின் பின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் கோயிலில் இருந்தபோது திருடர் மீண்டும் வந்தார்கள். ஒருமுறை உடைத்த வீட்டுக்கே மறுமுறையும் வருவது அவர்களிடையே காணப்படும் வழக்கம் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். வீட்டின் அமைப்பும் உள்ளே நுழையும் வழியும் அவர்களுக்குத் தெரியும். எடுக்காமல் விட்டுச்சென்ற பொருள்கள் எவை என்பதும் தெரியும். நாங்களோ பின்கதவில் பழைய வகைப் பூட்டையே மறுபடியும் பொருத்தியிருந்தோம்.

இம்முறை அவர்களைக் கண்டவர், பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் வயதான ஆங்கிலேயப் பெண்மணி. அவர் 999 இலக்கத்தை அழைத்தார்; வாகன இலக்கத்தையும் எழுதி வைத்திருந்தார். அவர் விளக்கைப் போட்டுச் சத்தமிட்டதும் இருவர் வேலி தாண்டி ஓடினார்கள். நன்றி சொல்லச் சென்ற எங்களிடம் அவர் கேட்டார்: "முதல் முறை நடந்ததை எனக்கு ஏன் சொல்லவில்லை? அந்தச் சனிக்கிழமையும் இதே வாகனம்தான் உங்கள் வாசலில் நின்றது. இதே இருவர்தான் வந்தார்கள். திருமணத்துக்கு வந்த உறவினர் என்று நினைத்துவிட்டேன்."

சபையோரே, அந்தப் பிள்ளையின் பெயரைக் காப்பாற்றக்கூடிய சாட்சி எங்கள் மதிலுக்கு அப்பால், பத்தடி தூரத்தில் இருந்தது. வெட்கத்தினால் நாங்கள் வாய் திறக்காததால் அது எங்களை வந்தடையவில்லை. தாலிக்கொடியைத் திருடர் கொண்டுபோனார்கள். அந்தத் தம்பியை நாங்களே இழந்தோம்.

ஆகவே, களவு நடந்தால் அயலாரிடம் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அதைப் பொலிசாரிடம் மட்டும் சொல்லுங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை. வீட்டில் வாடகைக்கு இருப்பவரையும் வேலைக்கு வந்து போகும் பெண்ணையும் நாம் விசாரணை செய்யப் புறப்பட்டால், குற்றமற்றவரை நோகடிப்பதே பெரும்பாலும் மிஞ்சும்.

இப்போது தற்காப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். இந்நாட்டின் பிளாஸ்ரிக் சட்டக் கதவுகளை இழுத்துச் சாத்தினால் மட்டும் போதாது. கைபிடியை மேலே உயர்த்தித் திறப்பைத் திருப்பினால்தான் அவை முழுமையாகப் பூட்டப்படும். பூட்டின் உருளை கைபிடித் தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதை எளிதில் முறித்துவிடலாம். எங்கள் பின்கதவை அப்படித்தான் திறந்தார்கள். முறிக்க இயலாதபடி செய்யப்பட்ட, மூன்று நட்சத்திரக் குறியுள்ள உருளையைக் கேட்டு வாங்குங்கள். மரக்கதவாயின், ஐந்து நெம்புகள் கொண்ட, பிரித்தானியத் தர முத்திரையுள்ள பூட்டைப் பொருத்துங்கள்.

திறப்புகளைக் கதவிலோ கடிதப் பெட்டித் துவாரத்துக்கு எட்டும் இடத்திலோ வைக்காதீர்கள். வீட்டின் பக்கவழிக் கதவைப் பூட்டுங்கள். ஏணியையும் மண்வெட்டியையும் பின்வளவில் விட்டால், திருடருக்கு வேண்டிய கருவிகளை நாமே கொடுத்ததாகும். குறித்த நேரத்தில் தானாக எரியும் விளக்கு மலிவானது. ஒன்றை வாங்கி வையுங்கள். ஒக்டோபர் இறுதி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னகர்த்தும்போது அந்த விளக்கின் நேரத்தையும் மாற்றுங்கள்.

நகையைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். நம்மவர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது திருடருக்குத் தெரியும். அரிசி வாளி, சுவாமி அறை, சேலை அலுமாரி, மெத்தையின் அடி ஆகியவற்றை நாம் மறைவிடம் என்று நினைக்கிறோம். அவர்கள் முதலில் தேடுவது அவற்றைத்தான். அன்றாடம் அணியாத நகைகளைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வையுங்கள். வீட்டில்தான் வைக்க வேண்டுமானால், சுவரிலோ சீமெந்துத் தரையிலோ ஆணியடித்துப் பொருத்திய பெட்டகத்தில் வையுங்கள். ஒவ்வொரு நகையையும் அளவுகோலுடன் சேர்த்துப் படமெடுத்து, நிறையைக் குறித்து, அவற்றை வீட்டுக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள். எங்களிடம் இருந்தது பழைய திருமணப் படம் ஒன்றுதான்.

காப்புறுதிப் பத்திரத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். தனிப்பொருள் ஒன்றுக்கு எவ்வளவு வரை தருவார்கள், நகைக்கு வேறு எல்லை உண்டா, வீட்டில் வாடகைக்கு ஒருவர் இருப்பதை அறிவித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நாங்கள் இவற்றில் எதையும் பார்த்திருக்கவில்லை. கிடைத்த தொகை மிகச் சிறியது. திருமண வீட்டிலிருந்தோ பயணத்திலிருந்தோ முகநூலில் படம் போடுவதையும் வீடு திரும்பும்வரை தள்ளி வையுங்கள்.

இறுதியாக, மனத்தைப் பற்றி. களவுக்குப் பின் மாமி பல மாதங்கள் உடைமாற்றாமலே உறங்கினார். மீண்டும் இடம்பெயர வேண்டி வந்தால் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றார். என் இளைய மகன் தனியாக மாடிக்குப் போக மறுத்தான். போரைக் கண்டவர்களுக்கு, உடைந்த கதவு பழைய கதவுகளையெல்லாம் நினைவூட்டும். இது பலவீனம் அன்று. உறக்கமின்மையும் நெஞ்சுப் படபடப்பும் தொடர்ந்தால் குடும்ப மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விக்டிம் சப்போர்ட் என்ற தொண்டு நிறுவனத்தை 08 08 16 89 111 என்ற இலக்கத்தில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். பொலிசாரிடம் முறையிடாதவர்களுக்கும் அவர்கள் உதவுவார்கள். பிள்ளைகளிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லாமல், நடந்ததையும் இப்போது செய்திருக்கும் பாதுகாப்பையும் காட்டுங்கள். புதிய பூட்டைத் தினமும் இரவில் பூட்டும் பொறுப்பை என் மகனிடம் கொடுத்தோம். மெல்ல மெல்ல அவனுடைய பயம் குறைந்தது.

அந்த வாகன இலக்கத்தைக் கொண்டு பின்னர் இருவர் பிடிபட்டார்கள். தாலிக்கொடி கிடைக்கவில்லை, உருக்கியிருப்பார்கள். நானும் மாமியும் அந்தத் தம்பி இருந்த புதிய இடத்தைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களை அமரச் செய்து தேநீர் தந்தார். மாமியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை அம்மம்மா" என்றார். ஆனால் எங்கள் வீட்டுக்கு அவர் பிறகு வரவில்லை.

இன்று வீட்டுக்குத் திரும்பியதும் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். பின்கதவின் பூட்டைப் பாருங்கள். பின்னர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் பெயரைச் சொல்லி, தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.