ஊறுகாயும் உப்பின் அளவும்

வைகாசி, ஆனி மாதங்களிலே யாழ்ப்பாணத்தில் சோளகம் பலமாக வீசத் தொடங்கினால், வளவிலுள்ள மாமரத்தின் கீழ்க் காய்கள் உதிர்ந்து கிடக்கும். சந்தையிலும் மாங்காய் மலிந்துவிடும். சில வாரங்கள் கழிந்தபின் அதே காயைத் தேடி அலைய நேரிடும். தேசிக்காயின் நிலையும் இதுவே. மலிந்த காலத்துப் பண்டத்தை மலியாத காலத்துக்குக் காத்துவைக்க நம் முன்னோர் கண்ட வழிகளில் ஒன்று ஊறுகாய்.

ஆனால், “வீட்டில் இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கிறார்; ஆகையால் உப்பைக் குறைத்துப் போட்டேன்; பத்து நாளிற் பூஞ்சணம் பிடித்துவிட்டது” என்று குறைப்படுவோரும் உளர். அவர்களுடைய கவலை நியாயமானதே. எனினும் உப்பைக் குறைக்கவேண்டிய இடம் சாடியா, உண்ணும் இலையா என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

உணவைப் பழுதாக்கும் நுண்ணுயிர்கள் வளர்வதற்கு நீர் தேவை. உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. எஞ்சிய நீரையும் அவ்வுயிர்களுக்குப் பயன்படாதபடி செய்கிறது. வெயில் ஈரத்தை மேலும் போக்குகிறது. புளிப்பும் உடன்சேர்ந்து காவல் செய்கிறது. இக்காவலில் உப்பைத் தளர்த்தினால் சாடி முழுவதும் வீணாகலாம்.

தேசிக்காய் ஊறுகாய் போடும் முறையைச் சொல்கிறேன். ஒரு கிலோ தேசிக்காய்க்கு, அதாவது நடுத்தரமான 25 காய்களுக்கு, 200 கிராம் கல்லுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். காய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அடிப்பாகம் பிரியாமல் நான்காகக் கீறி, உப்பை உள்ளே அடைத்துச் சாடியில் இடுங்கள். மூன்று நாட்கள் நாள்தோறும் குலுக்கிவிடுங்கள். நான்காம் நாள் முதல் காய்களைப் பகலில் வெயிலில் உலர்த்தி, மாலையில் அதே உப்புநீரில் மீண்டும் இடுங்கள். உப்புநீர் முழுவதும் காயில் ஏறி வற்றும்வரை இப்படிச் செய்யவேண்டும். பின்னர் துண்டுகளைப் பிரித்து, மிளகாய்த்தூள், மஞ்சள், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஆகியவற்றுடன் எட்டுத் தேசிக்காயின் சாற்றையும் கலந்து இரண்டு வாரம் ஊறவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னரே இவ்வேலையை முடிப்பது நன்று.

செப்பு, அலுமினியப் பாத்திரங்களைப் புளிப்பும் உப்பும் அரித்துவிடும். ஆகவே சாடியோ கண்ணாடிப் போத்தலோதான் ஏற்றது. ஈரக் கரண்டி உள்ளே போகக்கூடாது.

இனி ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 25 காய்கள் 100 துண்டுகளாகின்றன. 200 கிராம் உப்பை அவற்றுக்குப் பங்கிட்டால், துண்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம் வருகிறது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. எனவே ஒரு முழுத் துண்டிலேயே அவ்வளவிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு அடங்கிவிடுகிறது! அதனை நான்காக நறுக்கி ஒரு சிறு கூறை மட்டும் இலையில் வைத்தால், சுவையும் குன்றாது. உப்பும் அரைக் கிராம் அளவில் நின்றுவிடும். வைத்தியர் உப்பைக் கண்டிப்பாகக் குறைக்கச் சொன்னவர்கள் அதையும் அவரைக் கேட்டே உண்ணவேண்டும்.

உப்பை அதிகம் நாடாத பண்டம் மாங்காய்ச் சட்னி. தேங்காய்ச் சட்னி அன்றன்றைக்கு உரியது. இதுவோ பல நாள் இருக்கும். தோல் சீவி நறுக்கிய மாங்காய் ஒரு கிலோவுக்குச் சீனி 500 கிராம், வினாகிரி 300 மில்லிலீற்றர், இஞ்சி, உள்ளி, முந்திரிகை வற்றல், மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, கெட்டியாகும்வரை மெல்லிய நெருப்பிற் காய்ச்சுங்கள். கொதிநீரில் அவித்து உலர்த்திய போத்தல்களிற் சூட்டோடு நிரப்பி மூடுங்கள். இங்கே காவல் செய்பவை சீனியும் வினாகிரியும். ஆதலால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இது உகந்ததன்று.

சாடியில் உப்பு நிறைவாக இருக்கட்டும். இலையில் ஊறுகாய் சிறிதாக இருக்கட்டும். உதிர்ந்த காயும் வீணாகாது. உண்பவர் உடலும் நலிவுறாது.