குளிர்காலத்துத் தங்கமீனும் கொல்லாமை நோன்பும்

(கனகம்மாசத்திரத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரக்கூடிய ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் எண்ணிக் காட்டுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உண்ணவும் பருகவும் விடாது தடுத்தல் என்பன அவை. வீடுதோறும் மாட்டுத்தொழுவம் இருந்த நாளில் இவ்வைந்தின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. இன்று தொழுவங்கள் குறைந்துவிட்டன. அவ்விடத்தில் பல இல்லங்களின் முற்றத்திலும் மாடியிலும் தங்கமீன் தொட்டி அமர்ந்திருக்கிறது. மீனும் ஐம்பொறி உயிரே. அதைத் தொட்டியில் அடைத்தவர் அதன் வாழ்வுக்கு முழுப்பொறுப்பாளி ஆகிறார். அப்பொறுப்பு குளிர்காலத்தில் கடினமான ஒரு வினாவை எழுப்புகிறது: குளிரில் சோர்ந்து கிடக்கும் மீனுக்கு உணவிடாது நிறுத்தினால், அது ஐந்தாம் அதிசாரம் ஆகுமா?

விடை காண மீனின் உடலியல்பை அறிதல் வேண்டும். தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சீனத்தில் வளர்க்கப்பட்டு, பின்னர் சப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. மனிதரைப் போல அதற்கு நிலையான உடல்வெப்பம் இல்லை. நீரின் வெப்பமே அதன் உடல்வெப்பம். நீர் குளிர்ந்தால் அதன் மூச்சும் அசைவும் செரிமானமும் ஒருங்கே தணிகின்றன. அதற்கு இரைப்பையும் கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்லும். ஆதலால் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே நீர் குளிரும்போது உணவைக் குறைத்து, கோதுமை முளை சேர்ந்த எளிய உணவை அளிப்பர். 10 டிகிரிக்குக் கீழே அறவே நிறுத்துவர். அந்நிலையில் மீன் தன் உடற்கொழுப்பைக் கொண்டே காலம் கழிக்கும். அப்போது இட்ட உணவு குடலில் செரியாமல் தங்கும். உண்ணாது விட்டதோ நீரில் அழுகி அம்மோனியா நஞ்சாகும். அந்நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்களும் குளிரில் மந்தமாகவே இயங்கும். அன்பால் அள்ளியிட்ட கைப்பிடி உணவே உயிருக்கு இறுதியாகிவிடக்கூடும்.

கனகம்மாசத்திரத்திலோ திருத்தணியிலோ நீர் உறைவதில்லை. மார்கழி, தை இரவுகளில் குளிர் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். அது தங்கமீனுக்கு இதமானதே. ஆகவே இவ்வூரில் உணவை நிறுத்தவேண்டுவதில்லை. அளவறிந்து இடுதலே வேண்டும். இங்குள்ள இடர் வேறு. மாடியில் வைத்த ஆழமில்லாச் சிமெண்டுத் தொட்டி நண்பகலில் சூடேறி, விடியலில் குளிர்ந்துவிடும். இவ்வேற்றத்தாழ்வு மீனை நலிவுறுத்தும்; வெண்புள்ளி நோய் பற்றுவதற்கும் இடமளிக்கும். வடகிழக்குப் பருவமழையின் மூடாக்கு நாள்களில் நீர்ப்பாசி போதிய ஒளி பெறாது. விடியற்காலையில் நீரில் உயிர்க்காற்று மிகக் குறையும். அவ்வேளையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதைப் பசியென்று கருதிப் பொரி தூவுவோர் உண்டு. அது பசியன்று, மூச்சுத்திணறல். அப்போது வேண்டுவது காற்றுக்குழாயும் புதுநீருமே. நீரை ஒரேயடியாக மாற்றாமல், சிறிது சிறிதாக, அதே வெப்பமுள்ள, குளோரின் நீங்கிய நீரால் மாற்றுதல் நன்று. தொட்டியை ஆழப்படுத்தி, ஒரு பகுதியை நிழலில் வைத்தாலே பாதித் துன்பம் நீங்கும்.

உண்மையான குளிரைக் காண நீலகிரிக்குச் செல்லவேண்டும். உதகையில் மார்கழி, தை விடியலில் புல்வெளி உறைபனியால் வெளுக்கும். தங்கமீனின் உறவாகிய கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து கொணரப்பட்டு அங்கே வாழ்ந்து பெருகியது. கெண்டை இனம் குளிரைத் தாங்கும் என்பதற்கு அது சான்று. எனினும் உருண்டை உடலும் இரட்டைவாலும் கொண்ட அழகுவகைத் தங்கமீன்கள் அத்துணை வலிமையுடையன அல்ல. அவற்றைக் குளிர் தொடங்குமுன் வீட்டினுள் கொண்டுவருதல் நலம்.

குளம் உறையும் நாடுகளில் குடியேறிய பிள்ளைகளின் வீட்டிலும் தங்கமீன் இருக்கலாம். அவர்கள் அறியவேண்டுவன சில. நீர் 4 டிகிரியில் மிகுந்த அடர்த்தி கொள்ளும். ஆகவே மேலே பனிக்கட்டி மிதக்க, அடிநீர் உறையாது நிற்கும். கடுங்குளிர் நாட்டில் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழம் இருப்பின் மீன் அடியில் ஒடுங்கி உயிர்வாழும். இலையுதிர் காலத்திலேயே வலை விரித்து, விழுந்த சருகுகளை அகற்றிவிடவேண்டும். அவை அழுகினால் எழும் வாயு பனிக்கட்டியின் கீழே சிறைப்படும். அது வெளியேறவும் உயிர்க்காற்று உட்புகவும் பனியில் ஒரு திறப்பு எப்போதும் இருத்தல் வேண்டும். சுத்தியலால் பனியை உடைத்தல் ஆகாது. அவ்வதிர்ச்சி மீனைத் தாக்கும். வெந்நீர் நிறைந்த பாத்திரத்தைப் பனிமேல் வைத்தால் அது மெல்ல உருகி வழிவிடும். நீரேற்றும் பம்பை அடியில் வைத்தால் மேற்குளிர் அடிநீரோடு கலந்துவிடும். அதைச் சற்று மேலே வைப்பதே முறை. வசந்தத்தில் நீர் நிலையாக 10 டிகிரியைக் கடந்த பின்னரே சிறிது சிறிதாக உணவு தொடங்கலாம்.

மற்றுமொன்று. வளர்க்க இயலாதோர், விடுதலை தருவதாக எண்ணி, தங்கமீனை ஏரியிலோ கோயிற் குளத்திலோ விடுவதுண்டு. அது அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், நோயைப் பரப்பும், அந்நீரின் இயற்கை உயிர்களுக்கு இடையூறாகும். ஓருயிரை விடுவித்துப் பல்லுயிரை வருத்துதல் அறமாகாது. வளர்க்க அறிந்த மற்றொருவரிடம் ஒப்படைத்தலே தக்கது.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு விடை தெளிவு. உணவு மறுத்தல் குற்றமாவது, உண்ணத்தக்க உயிரைப் பசியால் வருத்தும்போது. செரிக்க இயலாத உயிருக்கு உணவை நிறுத்துதல் அதன் உயிரைக் காத்தலாகும். செயல் ஒன்றே, அறிவு அதனைக் குற்றமாகவும் காப்பாகவும் பிரித்துக் காட்டுகிறது. மும்மணிகளில் நல்ஞானம் நல்லொழுக்கத்திற்கு முன் வைக்கப்பட்டதன் பயன் ஒரு சிறு தொட்டியிலும் விளங்கும். தங்கமீன் வாங்கும் இல்லத்தார் உணவுப் பொட்டலத்தோடு ஒரு வெப்பமானியும் வாங்குவாராக. அவர்தம் கருணை வழிதவறாதிருக்க அது துணை நிற்கும்.

வாழ்க அறம்! வளர்க உயிரிரக்கம்!